தாடையும் ஊன்றுபல்லும்



தொழில் நிமித்தம் வேறு மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ் மக்கள் ஆண்டுக்கொரு முறை விடுப்பில் ஊர் திரும்பும்போது முடித்துக்கொண்டு போக வேண்டுமென்று குறித்து வைத்திருக்கும் காரியங்கள் பல. நிலவரி கட்டுதல், வீட்டுக்கு ஓடு மாற்றுதல், கோயிலில் நேர்த்திக்கடன் தீர்த்தல், உறவினர் இல்லத் திருமணத்தில் முகங்காட்டுதல் ஆகிய இவற்றோடு அண்மைக் காலத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கின்றது. விழுந்துபோன பல்லுக்குப் பதிலாகத் தாடையெலும்பிலேயே பல் வைத்துக்கொள்ளுதல் என்பதே அது. வேற்று மொழி வழங்கும் நகரத்தில் நோவைச் சொல்லத் தெரியாமல் திண்டாடுவதைக் காட்டிலும், பழகிய ஊரில், பழகிய மொழியில் வாயைத் திறந்து காட்டுவது மேல் என்று அவர்கள் எண்ணுவது இயல்பே.

திருவனந்தபுரம் மாவட்டத்துப் பழைய நெய்யாற்றங்கரை வட்டப் பகுதியில், தமிழ்நாட்டு எல்லைக்கு அணித்தாக, ஆரியங்கோடு என்னும் ஊர் இருக்கின்றது. ரப்பரும் தென்னையும் மரச்சீனியும் விளையும் பூமி. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை இராஜ்யத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றங்கரை கேரளத்தில் நின்றது. அன்று வரைபடத்தில் விழுந்த கோடு வருவாய்த் துறைக்குத் தெரியும்; பல்வலிக்குத் தெரியாது. அப்பக்கத்து மக்களில் ஒருசாரார் திருவனந்தபுரத்து அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகின்றனர். ஒருசாரார் எல்லையைத் தாண்டிக் குலசேகரத்திலுள்ள பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகின்றனர். மற்றையோர் பாறசாலையிலோ களியக்காவிளையிலோ பேருந்து நிற்குமிடத்தில் கண்ணில் படும் மருத்துவரிடம் போகின்றனர்.

அவ்வூரில் நாம் தங்கியிருந்தபோது, குஜராத்தில் வேலை பார்த்து விடுப்பில் வந்திருந்த ஒருவர் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். "அண்ணாச்சி, இதுல கையெழுத்துப் போடச் சொல்லுதாவ. என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் தமிழ்ல சொல்லுங்க" என்றார். நாம் வைத்தியர் அல்லோம். கல்லூரியில் பயின்றது கலைப்பாடம். மைய அரசின் அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பது தொழில். ஆங்கிலத்தில் இருந்த அவ்வொப்புதல் தாளைத் தமிழாக்குவது எளிதாகவே இருந்தது. கீழுதடு மரத்துப்போகலாம், மூக்கை ஒட்டிய காற்றறையில் துளை விழலாம், வாயின் அடித்தளத்தில் குருதி பெருகலாம், ஊன்றியது எலும்போடு சேராமலும் போகலாம். சொற்களுக்குத் தமிழ் கிடைத்துவிட்டது. ஆனால், "பல்லு வைக்கதுக்கும் மூக்குக்கும் என்ன சம்பந்தம்?" என்று அவர் கேட்டபோதுதான், தாடையின் அமைப்பைச் சொல்லாமல் அந்தத் தாளுக்குப் பொருள் சொல்ல இயலாது என்பது புலனாயிற்று. பின்னர் மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் அறிந்துகொண்டவற்றையே இப்பொழுது நேயர்களுக்குச் சொல்ல முற்படுகின்றோம்.

முதற்கண், பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 'இம்ப்ளாண்ட்' என்றே எல்லோரும் வழங்குகின்றனர். 'உள்வைப்பு' என்று மொழிபெயர்ப்பாரும் உளர். பெட்டிக்குள் புடவையை வைப்பதும் உள்வைப்புத்தான். இங்கு நடப்பதோ வேறு. உயிருள்ள எலும்பில் துளையிட்டு, திருகாணி போன்ற ஓர் உலோகத் தூணை ஊன்றி, எலும்பு அதனைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் வரை காத்திருந்து, அதன் தலையில் பல்லைப் பொருத்துகின்றனர். பந்தற்காலை ஊன்றுவதும் நாற்றை ஊன்றுவதும் நம் மொழியில் ஒரே வினை. இந்தச் சிகிச்சையில் அவ்விரண்டு தன்மையும் இருப்பதால், 'ஊன்றுபல்' என்று இப்பேச்சில் வழங்குவோம். இச்சொல் பிடிக்காதவர்கள் இம்ப்ளாண்ட் என்றே கொள்ளலாம், பொருள் மாறப்போவதில்லை.

அந்தத் தூண் பெரும்பாலும் டைட்டேனியம் என்னும் உலோகத்தால் ஆனது. இவ்வுலோகத்தின் கதை ஆரியங்கோட்டுக்கு அயலது அன்று. 1909-இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அதே மணலில் கறுப்பாக மின்னும் இல்மனைட் என்பது டைட்டேனியத்தின் தாது. மணவாளக்குறிச்சி அன்று திருவிதாங்கூரில் இருந்தது. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கின்றது. கொல்லத்துக்கு வடக்கே சவறையிலும் இம்மணல் உண்டு. 2011-இல் அங்கே டைட்டேனிய உலோகத்தையே பிரித்தெடுக்கும் ஆலை ஒன்று தொடங்கப்பெற்றது. நம்மவர் வாயில் ஊன்றப்படும் தூண் நம் கடற்கரை மணலால் ஆனது என்று சொல்லிவிட முடியாது. அவற்றுட் பல வெளிநாடுகளிலிருந்து வருபவை. எனினும், குமரிக் கடற்கரையில் கால் நனைப்பவர்கள் மிதித்துப் போகும் கருமணலுக்கும் ஊன்றுபல்லுக்கும் இப்படியொரு உறவு உண்டு.

இவ்வுலோகம் எலும்போடு ஒட்டும் என்பது தற்செயலாகத் தெரியவந்தது. 1952-இல் சுவீடன் நாட்டு லுண்ட் நகரத்தில், பெர் இங்வர் பிரோனெமார்க் என்னும் அறிஞர், எலும்புக்குள் குருதி ஓடும் விதத்தைக் காண்பதற்காக முயலின் கால் எலும்பில் டைட்டேனியத்தாலான ஒரு சிறு கூட்டைப் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து கூட்டைக் கழற்ற முயன்றபோது அது வரவில்லை. எலும்பு அதனோடு இறுகிச் சேர்ந்திருந்தது. விலையுயர்ந்த கருவி வீணாயிற்றே என்று வருந்தி விட்டுவிடாமல், அது ஏன் வரவில்லை என்று அவர் கேட்டார். 1965-இல் கோத்தன்பர்க் நகரில் முதன்முறையாக ஒரு மனிதரின் கீழ்த்தாடையில் தூண்களை ஊன்றினார். அம்மனிதர் இறந்தது 2006-இல். அதுவரை அத்தூண்கள் பயன்பட்டன. பிரோனெமார்க் உடற்கூற்று இயலைக் கற்பித்த பேராசிரியர் என்பதை நினைவில் கொள்ளுதல் நலம். எலும்பைப் பற்றிக் கேட்டவருக்கே பல் கிடைத்தது.

இனித் தாடைக்கு வருவோம். பனைமரத்தை வெட்டிப் பார்த்தவர்களுக்கு எலும்பின் அமைப்பை விளக்குவது எளிது. பனையின் வெளிப்புறம் வைரம் பாய்ந்து கறுத்து உறுதியாக இருக்கும்; உட்புறம் சோறு என்று சொல்லத்தக்க மெத்தென்ற நார்ப்பகுதி. தாடையெலும்பும் அத்தகையதே. வெளியே கெட்டியான ஓடு. உள்ளே கடற்பஞ்சு போன்ற கண்ணறைகளும் குருதியும் நிறைந்த மென்பகுதி. ஊன்றிய தூணை முதல் நாளில் அசையாமல் பிடித்துக்கொள்வது ஓடு; பின்னாளில் குருதி தந்து எலும்பை வளர்த்துத் தூணோடு சேர்ப்பதில் பெரும்பங்கு உட்பகுதிக்கு. இரண்டும் வேண்டும்.

ஆனால் வாய் முழுவதும் ஒரே மரம் அன்று. கீழ்த்தாடையின் முன்புறம், அதாவது மோவாய்ப் பகுதி, நன்கு முற்றிய பனையை ஒக்கும். மேல்தாடையின் பின்புறம் முருங்கை மரத்தை ஒக்கும். ஓடு மிக மெல்லியது, உள்ளே தளர்ச்சி மிகுதி. முற்றிய மரத்தில் ஆணி இறங்குவது கடினம், இறங்கினால் அசையாது. முருங்கையில் எளிதாக இறங்கும், எளிதாக ஆடும். ஒரே மனிதரின் வாயில் முன்பல் இடத்தில் வெற்றியாக முடிந்த வேலை கடைவாயில் தவறுவதற்கு இது ஒரு காரணம். மருத்துவர் மீது பழி சொல்லுமுன் மரத்தையும் பார்க்க வேண்டும்.

கெட்டியான எலும்பில் மற்றோர் இடர் உண்டு. துளையிடும் கருவி சுழல்கையில் சூடு பிறக்கும். எலும்பு 47 பாகை செல்சியசு வெப்பத்தை ஒரு நிமிடம் தாங்கினாலே அதன் உயிரணுக்கள் கெடத் தொடங்குகின்றன என்பதை எரிக்சன், அல்பிரெக்ட்சன் என்னும் இரு சுவீடியர் 1983-இல் காட்டினர். காய்ச்சல் கண்ட உடம்பின் சூட்டுக்கு மேலே சில பாகைகளே அது! உப்புநீரைப் பீய்ச்சிக்கொண்டே, விட்டுவிட்டு, சிறிது சிறிதாக அகலப்படுத்தித் துளையிடுவது இதனால்தான். பொறுமையில்லாதவருக்கு அது வீண்தாமதமாகத் தோன்றும்.

கீழ்த்தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகின்றது. ஒப்புதல் தாளின் முதல் வரிக்குக் காரணம் அதுவே. முகத்தின் உணர்ச்சிக்கு உரிய முக்கிளை நரம்பின் மூன்றாவது கிளையிலிருந்து பிரிந்து, தாடை காதை நோக்கி மேலெழும் இடத்தில், உட்புறமுள்ள ஒரு துளை வழியே எலும்புக்குள் நுழைகின்றது. கடைவாய்ப் பற்களின் வேர்களுக்குக் கீழே, தனக்கென அமைந்த கால்வாயில், குருதிக்குழாய்களோடு சேர்ந்து முன்னோக்கி வருகின்றது. கோரைப்பல்லுக்குப் பின்னுள்ள சிறு கடைவாய்ப் பற்களின் கீழே, எலும்பின் வெளிப்புறத்தில் ஒரு சிறு துளை இருக்கின்றது. மோவாய்த் துளை என்று அதனைச் சொல்லலாம். அங்கே நரம்பின் பெரும்பகுதி வெளியே வந்து கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருகின்றது. சிலருக்கு அது வெளியேறுமுன் சிறிது முன்னே போய் வளைந்து திரும்பி வருவதும் உண்டு. துளைக்கு முன்னால்தானே ஊன்றுகின்றோம், நரம்பு இராது என்று நினைப்பவரை அவ்வளைவு ஏமாற்றிவிடும்.

தூணின் நுனிக்கும் அந்தக் கால்வாய்க்கும் இடையே குறைந்தது 2 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது பொதுவான நெறி. இரண்டு நெல்மணியைப் பக்கம் பக்கமாக வைத்தாலும் அதைவிட அகலமாக இருக்கும். அந்த நெறி தவறி நரம்பு நசுங்கினாலோ அறுபட்டாலோ பல் வலிக்காது, உதடு மரத்துப்போகும். பல்லைப் பிடுங்கும்போது மருந்து போட்டு மரத்துப்போவதை எல்லோரும் அறிவர். அது சில நாழிகையில் தெளியும். இது மாதக்கணக்கில் நீடிக்கும். சிலருக்குத் தெளியாமலேயே போகும். காப்பியின் சூடு உதட்டுக்குத் தெரியாது. ஒட்டியிருக்கும் சோற்றுப் பருக்கை தெரியாது. சவரக் கத்தியின் கீறல் தெரியாது. ஆகையால், ஊன்றிய மறுநாளும் உதடு மரத்தே இருந்தால், தானே சரியாகும் என்று இரயிலேறிவிடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுதல் வேண்டும். நரம்பை அழுத்தும் தூணை முதல் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ எடுத்துவிட்டால் நரம்பு தெளிய வாய்ப்பு மிகுதி; நாட்கள் செல்லச் செல்ல அவ்வாய்ப்பு குறையும்.

கீழ்த்தாடையின் உட்பக்கத்தை நாம் நாக்கால் தடவிப் பார்க்கலாம். ஆனால் அங்கே கடைவாய்ப் பற்களுக்குக் கீழே எலும்பு உள்வாங்கிக் குழிந்திருப்பது நாக்குக்கு எளிதில் தெரியாது. உமிழ்நீர்ச் சுரப்பி ஒன்று அக்குழியில் அமர்ந்திருக்கின்றது. மேலிருந்து பார்த்தால் அகலமாகத் தோன்றும் எலும்பு, கீழே போகப் போக ஒரு பக்கமாக ஒடுங்கியிருக்கும். நேராக இறங்குவதாக எண்ணிக்கொண்டு துளைக்கும் கருவி அக்குழியின் சுவரைப் பிளந்து வெளியே போய்விடக்கூடும். மோவாயின் உட்புறத்திலும் நாக்கின் அடியிலும் சிறு தமனிகள் எலும்பை ஒட்டி ஓடுகின்றன. அவை அறுந்தால் குருதி வெளியே கொட்டாது. வாயின் அடித்தளத்துக்குள் தேங்கி, நாக்கை மேலும் பின்னும் தள்ளி, மூச்சுவழியை அடைக்கும். அரிதாகவே நிகழ்வது; ஆயினும் உயிருக்கு இறுதி தரும் நிலை வரை போனதாக மருத்துவ ஏடுகளில் குறிக்கப்பட்டுள்ளது. ஊன்றிய பின் நாக்கடி வீங்கி, பேச்சுக் குழறி, விழுங்கக் கடினமானால், வீட்டில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. பெரிய மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

மூக்குக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்னும் கேள்விக்கு மேல்தாடை விடை சொல்லும். கன்னத்து எலும்புக்குள், கடைவாய்ப் பற்களுக்கு மேலே, காற்று நிறைந்த அறை ஒன்று பக்கத்துக்கொன்றாக இருக்கின்றது. அது மூக்கினுள் திறப்பது. சளி பிடித்தால் கன்னம் கனத்து, மேற்கடைவாய்ப் பல் வலிப்பது போலத் தோன்றுவது இவ்வுறவினால்தான். சிலருக்குக் கடைவாய்ப் பல்லின் வேர்கள் அவ்வறையின் தரையை முட்டிக்கொண்டே நிற்கும். பல் போன பிறகு அந்த அறை கீழ்நோக்கிப் பெருக்கின்றது. பல்லிருந்த விளிம்பெலும்போ மேல்நோக்கிக் கரைகின்றது. இரண்டு பக்கமும் கரை அரிக்கும் வரப்பைப் போல நடுவிலுள்ள எலும்பு மெலிந்து, சிலருக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டரே எஞ்சும். சாதாரணமாக ஊன்றும் தூணின் நீளமோ 8 முதல் 13 மில்லிமீட்டர் வரை.

என்ன செய்வது? அறையின் உட்புறத்தை மூடியிருக்கும் சவ்வைக் கிழியாமல் மேலே உயர்த்தி, அடியில் எலும்புத்தூளை இட்டு, அது இறுகும் வரை பல மாதங்கள் காத்திருந்து ஊன்றுகின்றனர். அச்சவ்வு முட்டையோட்டின் உட்புறத்தே ஒட்டியிருக்கும் தோலைப் போன்று மெல்லியது. ஓட்டை உடைத்து, அத்தோலைக் கிழிக்காமல் பிரிக்க முயன்றவர்களுக்கு இவ்வேலையின் அருமை விளங்கும். எலும்பு அறவே இல்லாதவர்களுக்கு, காற்றறையைச் சுற்றிக்கொண்டு, கண்ணுக்குக் கீழுள்ள கன்ன எலும்பிலேயே நீண்ட தூணை ஊன்றும் முறையும் உண்டு. அத்தூணின் நீளம் 30 மில்லிமீட்டருக்கு மேல், 50 வரையும் போகும். கண்குழிக்கு அருகே போகும் அவ்வேலை கடைத்தெருவில் செய்யத்தக்கதன்று என்பது நமது அபிப்பிராயம்.

பல் போனால் எலும்பு கரையும் என்றோம். இதனைச் சற்று விரித்துச் சொல்லுதல் வேண்டும். ஏனெனில், 'ஒரு பல்தானே, போகட்டும், அடுத்த விடுப்பில் பார்க்கலாம்' என்று ஐந்தாண்டு, பத்தாண்டு தள்ளுபவர்கள் நம்மில் மிகுதி. பல்லைத் தாங்குவதற்கென்றே உண்டான எலும்புப்பகுதி, பல் இருக்கும்வரை இருப்பது. மெல்லும்போது பல்லின் மூலம் வரும் அழுத்தமே அதற்கு உணவு. பல்லைப் பிடுங்கிய ஓராண்டுக்குள் அவ்விடத்து எலும்பின் அகலத்தில் ஏறக்குறைய பாதி போய்விடுகின்றது. அதிலும் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்திலேயே போகின்றது என்று 2003-இல் டென்மார்க்கில் அளந்து கண்டிருக்கின்றனர். முதலில் கரைவது வெளிப்புறத்துச் சுவர். முன்பற்களின் முன்னே அது காகிதம் போன்று மெல்லியது.

பொக்கைவாயைப் பார்த்தால் இவ்வுண்மை கண்கூடு. மேல்தாடை வெளியிலிருந்து உள்நோக்கிக் கரைந்து குறுகுகின்றது. கீழ்த்தாடை தாழ்ந்து, அதன் வளைவு அகன்றது போல் ஆகின்றது. ஆகவே உதடு உட்குழிந்து, மோவாய் முன்வந்து, மூக்கின் நுனியை நோக்கி எழுகின்றது. ஊரில் கிழவிகளின் முகத்தைக் குழந்தைகள் நடித்துக்காட்டுவது இந்த அமைப்பையே. பல்செட்டு வைத்தவர்களை 25 ஆண்டு தொடர்ந்து கவனித்து 1972-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, முன்புறத்தில் கீழ்த்தாடை மேல்தாடையைக் காட்டிலும் நான்கு மடங்கு கரைவதைக் காட்டிற்று. மிகவும் கரைந்த கீழ்த்தாடையில், நாம் முன்னே சொன்ன மோவாய்த் துளை தாடையின் மேல்விளிம்புக்கே வந்துவிடும். அப்பொழுது பல்செட்டு நரம்பின் மேலேயே அமர்கின்றது. சாப்பிடும்போதெல்லாம் மின்னல் வெட்டுவது போல உதட்டில் வலி பாய்கின்றது என்று முதியவர்கள் சொல்லும்போது, 'வயசாச்சுல்லா, அப்படித்தான்' என்று தள்ளிவிடுகின்றோம். அவர்கள் சொல்வது உடற்கூற்று நூலில் உள்ள உண்மை.

இவற்றையெல்லாம் வெளியிலிருந்து கண்ணால் காண இயலாது, ஈறு மூடியிருக்கின்றது. சாதாரண எக்ஸ்ரே படம் நீளத்தையும் உயரத்தையும் காட்டும், தடிமனைக் காட்டாது. தாடை முழுவதையும் நீளவாக்கில் காட்டும் பெரிய படம் எலும்பைக் கால் பங்கு பெரிதாகக் காட்டுவதும் உண்டு. அதைத் திருத்திக் கணக்கிடாமல் அளந்தால் நரம்புக்கு விட்ட இடைவெளி காகிதத்தில் மட்டுமே இருக்கும். 1990-களின் பிற்பகுதியில் வந்த கூம்புக்கதிர் சி.டி. என்னும் முறை தாடையைப் பலாச்சுளை அரிவது போல் துண்டு துண்டாக அரிந்து காட்டுகின்றது. நரம்புக் கால்வாய் எங்கே, உட்குழிவு எவ்வளவு, காற்றறையின் தரையில் முகடு உண்டா என்பதெல்லாம் அதில் தெரியும். எல்லோருக்கும் அது வேண்டுமா என்று கேட்டால், கீழ்க் கடைவாயிலும் மேற்கடைவாயிலும் ஊன்றுபவர்கள் அச்செலவைச் சுருக்கக் கூடாது என்போம். 'என் நரம்புக்கும் தூணுக்கும் எத்தனை மில்லிமீட்டர்?' என்று படத்தில் விரல் வைத்துக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. நல்ல மருத்துவர் அக்கேள்வியால் மகிழ்வார்.

இப்பொழுது விடுப்புக் கணக்கு. ஊன்றிய தூணை முதலில் பிடித்திருப்பது திருகின் பிடிமானம். சில வாரங்களில் அப்பிடியைச் சுற்றியுள்ள பழைய எலும்பு கரைந்து புது எலும்பு வளரத் தொடங்கும்; அந்த இடைக்காலத்தில் பிடிமானம் குறைந்து, பின் கூடும். பிரோனெமார்க் கீழ்த்தாடைக்கு மூன்று மாதமும் மேல்தாடைக்கு ஆறு மாதமும் காத்திருக்கச் சொன்னார். தூணின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும் முறைகள் வந்தபின், நல்ல எலும்பில் ஆறு முதல் எட்டு வாரமாக அது குறைந்திருக்கின்றது. அன்றைக்கே பல்லும் வைத்துவிடும் முறை இல்லாமலில்லை. எலும்பு கெட்டியாக இருந்து, தூண் இறுகப் பிடித்து, மெல்லும் பாரத்தைத் தவிர்க்க முடிந்தால் அதுவும் வெற்றி பெறுகின்றது. ஆனால் விளம்பரப் பலகையில் எழுதியிருப்பது எல்லா வாய்க்கும் பொருந்தாது. பத்து நாள் விடுப்பில் ஊன்றிக்கொள்ளலாம், தையல் பிரித்துக்கொள்ளலாம். பல்லை அடுத்த விடுப்பில் வைத்துக்கொள்வதே பெரும்பாலோர்க்குத் தக்கது. குஜராத்துக்காரரிடமும் மருத்துவர் அதையே சொன்னார். அவர் முகம் சிறிது வாடிற்று. பொங்கலுக்கு மறுபடி வருவதாகச் சொல்லிக் கையெழுத்திட்டார்.

இப்பகுதியில் தாடையைப் பற்றிப் பேசும்போது வெற்றிலை பாக்கு புகையிலையைப் பேசாமல் தீராது. நெய்யூரில் இலண்டன் மிஷன் மருத்துவமனை 1838-இல் தொடங்கியது. எவரெஸ்டு மலையேறிய ஹோவர்டு சாமர்வெல் 1922-க்குப் பின் அங்கே பல்லாண்டு அறுவை மருத்துவராகப் பணிபுரிந்தார். ஆரியங்கோட்டுக்குப் பக்கத்தில் காரக்கோணத்து மருத்துவக் கல்லூரி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. நெய்யூரில் இருந்த ஆர் என்னும் மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்றைப் பற்றி 1933-இல் இலண்டன் 'லான்செட்' ஏட்டில் எழுதினார். கன்னத்தின் உட்புறத்தே, தாம்பூலத்தை அடக்கி வைக்கும் அதே பக்கத்தில், அதே இடத்தில் புண் தோன்றுவதை அங்குள்ளவர்கள் நாள்தோறும் கண்டனர். புகையிலை இல்லாத பாக்கும் புற்றை விளைக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுக் குழு 2004-இல் வெளியிட்டது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 ஊராட்சிகளில் 1996 முதல் வீடு வீடாகச் சென்று வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணால் பார்த்ததனாலேயே, புகையிலையோ மதுவோ பழகியவர்களில் வாய்ப்புற்றால் இறப்போர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தனர் என்பது 2005-இல் வெளிவந்த செய்தி.

ஊன்றுபல்லுக்கும் இதற்கும் நேரான தொடர்பு உண்டு. பாக்கு நெடுநாள் போட்டவர்களுக்குக் கன்னத்தின் உட்சதை நாராகி இறுகி, வாய் இரண்டு விரற்கடைக்கு மேல் திறவாமற் போகின்றது. எலும்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், கடைவாய்க்குள் கருவி நுழைய இடமில்லாவிட்டால் என் செய்வது? புகைபிடிப்போரின் எலும்பில் குருதி குறைந்து, ஊன்றியது சேராமற் போவது மற்றவர்களைவிட மிகுதி. புற்றுக்காகத் தாடையில் கதிர் சிகிச்சை பெற்றவர்களின் எலும்பு, பார்ப்பதற்கு நலமாக இருந்தும், புண்பட்டால் ஆறும் திறன் குன்றியது. அதில் துளையிடுவதற்கு முன் அச்சிகிச்சை தந்த மருத்துவரையும் கலந்துகொள்ளுதல் வேண்டும். எலும்புருக்கத்துக்கு மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொள்பவர்களும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களும் அதனை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். 'பல்லுக்கும் அதுக்கும் என்ன' என்று மறைப்பதில் பயனில்லை.

மறுபுறத்தையும் சொல்லவேண்டும். புற்றினால் தாடையையே இழந்தவர்களுக்கு, முழங்காலுக்குக் கீழேயுள்ள இரண்டு எலும்புகளில் மெலிந்ததை, அதன் குருதிக்குழாயோடு எடுத்து, தாடையின் வளைவுக்கு ஏற்ப அறுத்து வளைத்துப் பொருத்துகின்றனர். 1989-இல் நியூயார்க்கில் ஹிடால்கோ என்பவர் இம்முறையை வெளியிட்டார். அவ்வாறு அமைத்த எலும்பிலும் தூண் ஊன்றிப் பல் வைக்கின்றனர். கால் எலும்பால் சோறு மெல்லும் மனிதர்கள் இன்று நம் நாட்டிலும் வாழ்கின்றனர்.

வேறு மாநிலங்களில் இருப்பவர்களுக்கு மட்டும் உரிய ஒரு செய்தி எஞ்சியிருக்கின்றது. ஊன்றும் தூண்கள் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. ஒவ்வொரு நிறுவனத்தின் தூணுக்கும் தலையின் உட்குழிவு வேறு. அதைத் திருகும் சாவியும் வேறு. ஊரில் ஊன்றிய பல் ஐந்தாண்டு கழித்துப் புணேயிலோ தில்லியிலோ தளர்ந்தால், அங்குள்ள மருத்துவர் எந்த நிறுவனத்தின் தூண் என்று அறியாமல் தொட இயலாது. தூண் வந்த சிறு பெட்டியின் மேல் அதன் பெயர், குறுக்களவு, நீளம், தொகுப்பு எண் ஆகியவை அச்சிட்ட ஒட்டுத்தாள் இருக்கும். அதில் ஒரு படியை நோயாளிக்கும் தருவதுண்டு; தராவிடில் கேட்டு வாங்கலாம். அதனையும், எந்த நாள் எந்தப் பல்லின் இடத்தில் ஊன்றியது என்ற குறிப்பையும், சி.டி. படம் அடங்கிய தட்டையும் ஓர் உறையிலிட்டு, இரயில் சீட்டோடு சேர்த்துக் கைப்பையில் எடுத்துக்கொண்டு போகவேண்டும். ஊர் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் போனால் புணே மருத்துவருக்கு அது உதவாது.